பிளாஸ்மாவைக் கொண்டு காற்றைத் தள்ளுவது எப்படி: கண்ணாடித் துண்டில் தொடங்கி இறக்கை வரை

கண்ணாடியின் மேலே ஒரு காப்பர் பட்டை, கீழே ஒரு காப்பர் பட்டை. இரண்டுக்கும் இடையே சில ஆயிரம் வோல்ட் மாறுமின்னழுத்தம் கொடுத்தால், மேல் பட்டையின் ஒரு விளிம்பில் ஊதா நிறத்தில் மெல்லிய கோடு ஒளிரும். அந்தக் கோட்டிலிருந்து கண்ணாடியை ஒட்டியபடி காற்று ஓடத் தொடங்கும். அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. இதுதான் பிளாஸ்மா ஆக்சுவேட்டர்: அயனியான காற்றால் (பிளாஸ்மா) சுற்றியுள்ள காற்றைத் தள்ளும் கருவி.

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டப் பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்டாகச் செய்வதற்கு இது அருமையான வேலை. பர்கூரிலோ செட்டிக்கரையிலோ படிக்கிறவருக்கு ஓசூர் தாண்டினால் பெங்களூரு. எலக்ட்ரானிக்ஸ் பொருள் எதுவானாலும் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். கண்ணாடியை உள்ளூர் ஃபிரேம் கடையிலேயே வெட்டித் தருவார்கள். ஆனால் ஊதா ஒளி வந்ததும் வீடியோ எடுத்துவிட்டு வேலையை முடித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒளி வந்தால் மின்னிறக்கம் நடக்கிறது என்று மட்டுமே அர்த்தம். காற்று எவ்வளவு வேகத்தில், எந்தப் பக்கம், எவ்வளவு விசையோடு போகிறது என்பதை அளப்பதுதான் உண்மையான புராஜெக்ட். இந்த வழிகாட்டியில் பெரிய பங்கு பாதுகாப்பும் அளவீடுமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

எதை எதிர்பார்க்கலாம்

1998-ல் டென்னசி பல்கலைக்கழகத்தின் ஜே. ரீஸ் ராத், நாசா லாங்லி மையத்தோடு சேர்ந்து இந்த வகை மேற்பரப்புப் பிளாஸ்மாவால் எல்லை அடுக்கை (மேற்பரப்பை ஒட்டி ஓடும் மெல்லிய காற்று அடுக்கை) மாற்றலாம் என்று காட்டினார். 2004-ல் நோட்டர்டாம் பல்கலைக்கழகத்தின் போஸ்ட், கார்க் இருவரும் இறக்கையின் முன்விளிம்பில் இதைப் பொருத்தி, ஸ்டால் ஆக வேண்டிய (காற்று பிரிந்து தூக்குவிசை குறைய வேண்டிய) கோணத்திலும் காற்று இறக்கையை விட்டு விலகாமல் பிடித்து வைத்தார்கள். இந்தத் துறை வளர்ந்தது அந்தப் பாதையில்தான்.

2018-ல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவன் பாரெட் குழு பறக்கவிட்ட விமானத்தை நீங்கள் வீடியோவில் பார்த்திருக்கலாம். 5 மீட்டர் இறக்கை, 2.45 கிலோ எடை, உந்துவிசை முழுக்க அயனிக் காற்று. அது வேறு வகை. அங்கே மெல்லிய கம்பிக்கும் பின்னால் உள்ள மின்முனைக்கும் நடுவே, திறந்த காற்றில், 40 கிலோவோல்ட் நேர்மின்னழுத்தம் (டி.சி.) கொடுக்கிறார்கள். நாம் செய்யப்போவது மேற்பரப்போடு ஒட்டியிருப்பது, மாறுமின்னழுத்தத்தில் இயங்குவது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பாகம் வாங்குவதிலிருந்து எல்லாமே தப்பாகப் போகும்.

நம்முடைய ஆக்சுவேட்டர் நின்ற காற்றில் தரும் வேகம் நொடிக்கு 2 அல்லது 3 மீட்டர். நன்றாகச் சரிசெய்த ஆய்வகங்களில் 5 முதல் 8 மீட்டர் வரை போகும். அந்தக் காற்றும் சில மில்லிமீட்டர் தடிமனுக்குத்தான். கொடுக்கும் மின்சாரத்தில் காற்றின் இயக்க ஆற்றலாக மாறுவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. எனவே ட்ரோனின் புரொப்பெல்லருக்குப் பதிலாக இதை வைக்கலாமா என்று கேட்க வேண்டாம். காற்று மேற்பரப்பை விட்டுப் பிரியத் தயாராக இருக்கும் அந்த ஓர் இடத்தில் சின்னத் தள்ளு கொடுத்தால் மொத்த ஓட்டமே மாறும். இதன் பலம் முழுக்க அங்கே இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

காற்று மில்லிமீட்டருக்குச் சுமார் 3 கிலோவோல்ட் வரை தாங்கும். மேல் பட்டையின் கூரான விளிம்பில் மின்புலம் அதைத் தாண்டும்போது காற்று மூலக்கூறுகள் அயனியாகின்றன. எலக்ட்ரான்கள் கண்ணாடியின் மேல் போய்ப் படிகின்றன. படிந்த மின்னூட்டம் புலத்தை எதிர்ப்பதால் மின்னிறக்கம் தானாக நின்றுவிடும், தீப்பொறியாக வளராது. மின்னழுத்தம் திரும்பும்போது மறுபடி தொடங்கும். நேர்மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு கணம் மினுங்கி அணைந்துவிடுவது இதனால்தான்.

அயனிகள் மின்புலத்தில் ஓடும்போது சாதாரண மூலக்கூறுகளை மோதித் தள்ளுகின்றன. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இது நடக்க, காற்று திறந்த மேல் பட்டையிலிருந்து மூடிய கீழ்ப் பட்டை இருக்கும் பக்கம் நோக்கி ஓடுகிறது. எந்தப் பட்டைக்கு உயர் அழுத்தம், எதற்கு எர்த் என்பதைப் பொறுத்துத் திசை மாறாது. இந்த ஒரு உண்மையைப் பாதுகாப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம், கீழே சொல்கிறேன்.

முதலில் பாதுகாப்பு

இந்தச் சுற்று ஆளைக் கொல்லக்கூடியது. இதில் சமரசமே கிடையாது. மின்னியல் ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல், வீட்டில், தனியாக இதைச் செய்யாதீர்கள்.

மைக்ரோவேவ் அவன் டிரான்ஸ்ஃபார்மரைத் தொடவே தொடாதீர்கள். அது 2 கிலோவோல்ட்டில் நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியர் தரும். தொட்டவர் பிழைப்பது அரிது. நமக்குத் தேவையான அழுத்தமும் அலைவெண்ணும் அதில் கிடைக்கவும் கிடைக்காது.

லைனில் ஆர்.சி.சி.பி. (கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் பிரேக்கர்) இருக்கிறதே என்று தைரியம் கொள்ள வேண்டாம். உயர் அழுத்தப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மரால் பிரிக்கப்பட்டது. அந்தப் பக்கத்தில் நீங்கள் ஷாக் வாங்கினால் மெயின் லைனில் கசிவு எதுவும் தெரியாது, பிரேக்கர் விழாது.

அடுத்தது கரண்ட் போய்த் திரும்ப வரும் பிரச்சினை. சோதனை நடுவில் மின்சாரம் போகிறது, ஒயரைச் சரிசெய்யக் கை நீட்டுகிறீர்கள், அந்த நேரம் பார்த்து மின்சாரம் வருகிறது. இதற்கு நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சாதனமே போதும்: கிணற்று மோட்டாருக்கு மாட்டும் சிங்கிள் பேஸ் ஸ்டார்ட்டர், 230 வோல்ட் நோ-வோல்ட் காயிலோடு. பச்சைப் பொத்தானை அழுத்தினால் காயில் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் போனால் விட்டுவிடும். திரும்பி வந்தாலும் மறுபடி பச்சையை அழுத்தும்வரை சுற்று உயிர்பெறாது. ஆக்சுவேட்டரை ஒரு அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்து, மூடியில் 230 வோல்ட் தாங்கும் லிமிட் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தி, அதைக் காயில் லைனில் தொடராக இணையுங்கள். மூடியைத் திறந்த கணமே ஸ்டார்ட்டர் விழும். வயலில் ஆளில்லாமல் மோட்டார் ஓட மாட்டுகிறார்களே, அந்த ஆட்டோ சுவிட்ச் மட்டும் இதில் வேண்டவே வேண்டாம். ஸ்டார்ட்டருக்குப் பின்னால் 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்கள்.

நிறுத்திய பிறகும் மின்னூட்டம் மீந்திருக்கலாம். நீளமான பி.வி.சி. குழாய் நுனியில் கொக்கி வைத்து, அதை எர்த்தோடு இணைத்து, இரண்டு பட்டைகளின் ஒயர் முனைகளையும் தொட்ட பிறகே கை வைக்க வேண்டும். எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் சிவப்புப் பொத்தான் பக்கத்திலேயே நிற்கட்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் அந்த அறைக்குள் வரக்கூடாது.

அப்புறம் ஓசோன். ஜெராக்ஸ் கடையில் அடிக்கும் அந்தக் காரமான வாசனை வந்தால் அறையில் ஓசோன் சேர்கிறது. வேலையிடங்களுக்கான அமெரிக்க வரம்பு 0.1 பி.பி.எம். ஒரு நிமிடம் ஓட்டுங்கள், நிறுத்துங்கள், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள், அப்புறம் அடுத்த சோதனை. தொண்டை கரகரத்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள்.

ஆக்சுவேட்டர் செய்வது

முதல் ஆக்சுவேட்டருக்குக் கண்ணாடியே சிறந்தது. 2 மி.மீ. தடிமன், 250 மி.மீ. நீளம், 120 மி.மீ. அகலம். விளிம்புகளை அரைத்துத் தரச் சொல்லுங்கள். கண்ணாடியை ஓசோன் அரிக்காது, தவறு நேர்ந்தால் டேப்பை உரித்து மறுபடி ஒட்டலாம், கீழே நடப்பதும் தெரியும்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இரண்டு பக்கமும் துடையுங்கள். அதன் பிறகு விரல் படக்கூடாது. ஆல்கஹால் முழுக்க உலர்ந்து, பாட்டில் அறைக்கு வெளியே போன பிறகுதான் மின்சாரத்தைப் பற்றி நினைக்க வேண்டும்.

மேல் பக்கம் 5 மி.மீ. அகலக் காப்பர் டேப், கீழ்ப் பக்கம் 20 மி.மீ. அகலம். இரண்டும் எதிரெதிரே இருக்கும் நீளம் 150 மி.மீ. மேலிருந்து பார்த்தால் மேல் பட்டை முடியும் கோட்டில் கீழ்ப் பட்டை தொடங்க வேண்டும், 1 மி.மீ. வரை மேற்பொருந்தினாலும் சரி. பட்டையிலிருந்து கண்ணாடி ஓரம் வரை எல்லாப் பக்கமும் குறைந்தது 40 மி.மீ. வெறும் கண்ணாடி இருக்கட்டும். இல்லாவிட்டால் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு தீப்பொறி தாவும்.

ஒட்டும்போது எல்லாக் கவனமும் மேல் பட்டையின் ஒரே ஒரு விளிம்பில் இருக்க வேண்டும்: கீழ்ப் பட்டையை நோக்கியிருக்கும் விளிம்பு. புதுப் பிளேடு, ஸ்டீல் ஸ்கேல், ஒரே இழுப்பு. கத்தரிக்கோலால் வெட்டினால் கண்ணுக்குத் தெரியாத பிசிறுகள் நிற்கும். ஒவ்வொரு பிசிறிலும் பிளாஸ்மா குவிந்து தனித்தனிக் கீற்றாக எரியும். ஒட்டிய பிறகு ஸ்பூனின் பின்பக்கத்தால் அழுத்தித் தேய்த்துக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுங்கள். பட்டையின் நான்கு மூலைகளையும் வளைவாக வெட்டுங்கள்.

கீழ்ப் பட்டையை முழுக்க மூட வேண்டும். காப்டான் டேப்பை (வெப்பமும் உயர் அழுத்தமும் தாங்கும் மெல்லிய பிளாஸ்டிக் டேப்) நாலைந்து அடுக்கு ஒட்டி, அதன் மேல் எபாக்ஸி ஊற்றி ஒருநாள் உலரவிடுங்கள். இதை விட்டுவிட்டால் கீழேயும் பிளாஸ்மா எரிந்து எதிர்ப்பக்கம் காற்றைத் தள்ளும். விசை குறையும், காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

ஒயர் இணைப்பில், திறந்த மேல் பட்டையை எர்த்தோடு இணையுங்கள். உயர் அழுத்தம் புதைந்த கீழ்ப் பட்டைக்குப் போகட்டும். ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகப் படம் போட்டிருப்பார்கள். காற்றின் திசை மாறாது என்று மேலே பார்த்தோம். ஆகவே வெளியே தெரியும் உலோகம் எர்த்தில் இருப்பதே புத்திசாலித்தனம். அளவுக் கருவிகளை அருகே கொண்டுபோகவும் அதுதான் வசதி.

மின்சாரம்

கண்ணாடி ஆக்சுவேட்டருக்கு உச்சத்திலிருந்து உச்சம் வரை 12 முதல் 16 கிலோவோல்ட், 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் இருந்தால் நல்லது. ஃபங்ஷன் ஜெனரேட்டர், ஆடியோ ஆம்ப்ளிஃபையர், ஃபெரைட் கோர் உயர் அழுத்த டிரான்ஸ்ஃபார்மர் என்று வரிசையாக இணைப்பதையே பரிந்துரைப்பேன். அழுத்தத்தையும் அலைவெண்ணையும் தனித்தனியாக மாற்றலாம். அது இல்லாமல் அளவீடு என்று ஒன்று இல்லை. நியான் போர்டு எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர் மலிவுதான், ஒளியும் வரும்; ஆனால் எதையும் மாற்ற முடியாது.

ஆக்சுவேட்டர் அடிப்படையில் ஒரு கெப்பாசிட்டர். மேலே சொன்ன அளவுக்குச் சுமார் 50 பைக்கோஃபாரட் வரும். அதோடு டிரான்ஸ்ஃபார்மரின் இண்டக்டன்ஸ் சேர்ந்து ஓர் அலைவெண்ணில் ஒத்ததிரும். அங்கே அழுத்தம் திடீரென ஏறும். ஆம்ப்ளிஃபையர் ஒலியளவைக் குறைவாக வைத்தே அந்த இடத்தைத் தேடுங்கள். அழுத்தத்தைப் பார்க்க 1000-க்கு 1 உயர் அழுத்த புரோப் கட்டாயம். சாதாரண 10 மடங்கு புரோப்பை மாட்டினால் புரோப்போடு ஆசிலோஸ்கோப்பும் போய்விடும்.

முதல் ஒளி

அறையை இருட்டாக்கி அழுத்தத்தை மெதுவாக ஏற்றுங்கள். 6 முதல் 8 கிலோவோல்ட் உச்சத்திலிருந்து உச்சத்தில் முதலில் சீறல் சத்தம் கேட்கும், பிறகு விளிம்பில் ஊதாக் கோடு தெரியும். ஏற்ற ஏற்ற அது கீழ்ப் பட்டையின் மேலாகச் சில மில்லிமீட்டர் விரியும். ஓசூரில் செய்கிறவருக்கு இது கொஞ்சம் முன்னதாகவே எரியும். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி குறைவு. தர்மபுரியில் எடுத்த அளவோடு ஓசூர் அளவை ஒப்பிடுவதானால் அன்றைய வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் குறித்து வைத்திருக்க வேண்டும். மார்கழிக் காலையில் கண்ணாடியில் பனி கோத்திருக்கும். அறை சூடாகி அது உலரும்வரை தொடங்காதீர்கள்.

ஒளியைப் பார்த்தே சில கோளாறுகளைச் சொல்லிவிடலாம். மேல் பட்டையின் இரண்டு விளிம்பும் எரிந்தால் கீழ்ப் பட்டை இடம் தள்ளி ஒட்டியிருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் பிரகாசமாக, வெள்ளையாக எரிந்தால் உடனே நிறுத்துங்கள். அங்கே கண்ணாடி சூடேறி ஓட்டை விழப்போகிறது. அழுத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் சீரான ஒளி தடித்த கீற்றுகளாக உடையும். அந்த எல்லைக்குப் பிறகு மின்செலவு ஏறுமே தவிர விசை ஏறாது.

புகையில் பார்ப்பது

ஊதுபத்தி போதும். ஆனால் சூடான புகை மேலே ஏறிக் குழப்பும். ஒரு மூடிய டப்பாவில் புகையைச் சேர்த்து, ஆறவிட்டு, மெல்லிய குழாய் வழியாக மேல் பட்டைக்கு 30 மி.மீ. மேலே மெதுவாக விடுங்கள். ஜன்னல், ஃபேன் எல்லாம் மூடியிருக்க வேண்டும். ஆடி மாதக் காற்றில் ஜன்னல் இடுக்கு வழியாக வருவதே உங்கள் ஆக்சுவேட்டரைவிட வேகமாக இருக்கும்.

பொத்தானை அழுத்தியதும் புகை இழை பட்டையை நோக்கி வளைந்து இறங்கும். விளிம்பைத் தொட்டதும் படுத்துக்கொண்டு கண்ணாடியோடு ஒட்டி ஓடும். தொடங்கும் அந்த முதல் நொடிக்குள் ஒரு சுழல் உருண்டு முன்னே போவதையும் காணலாம். பக்கவாட்டில் கறுப்புத் துணி வைத்து, மெல்லிய பிளவு வழியாக எல்.இ.டி. ஒளி பாய்ச்சி, போனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். போனை ஒரு மீட்டருக்கு அப்பால் வையுங்கள். இந்தச் சுற்றின் மின்காந்த இரைச்சலில் அருகிலுள்ள கருவிகள் உறைந்துபோவது சகஜம்.

எண்ணாக அளப்பது

விசைக்கு 0.01 கிராம் துல்லியமுள்ள நகைத் தராசு போதும். 150 மி.மீ. நீள ஆக்சுவேட்டர் மீட்டருக்கு 20 மில்லிநியூட்டன் தந்தால் மொத்தம் 3 மில்லிநியூட்டன், அதாவது தராசில் சுமார் 0.3 கிராம். ஆக்சுவேட்டரைச் செங்குத்தாக நிறுத்தி, காற்று மேல்நோக்கிப் போகும்படி தராசில் வையுங்கள். எதிர்விசையால் எடை கூடும். தராசை எர்த் செய்த கம்பி வலைக்குள் வைத்து, இணைப்புகளுக்கு முடி போன்ற மெல்லிய கம்பியைத் தொய்வாக விடுங்கள்.

இப்போது தலைகீழாகத் திருப்பி மறுபடி அளங்கள். அதே அளவு எடை குறைய வேண்டும். இரண்டு பக்கமும் எடை கூடினால் நீங்கள் அளப்பது காற்றின் விசையை அல்ல, நிலைமின் ஈர்ப்பை. இந்த ஒரு சோதனையைச் செய்யாத எந்த விசை எண்ணையும் நான் நம்பமாட்டேன்.

வேகத்துக்குப் பிட்டோ குழாய், அதாவது மோதும் காற்றின் அழுத்தத்தைக் கொண்டு வேகம் காட்டும் குழாய். உலோகம் வேண்டாம், கண்ணாடித் தந்துகிக் குழாயைச் சூடாக்கி இழுத்துத் தயாரிக்கலாம். நொடிக்கு 3 மீட்டர் வேகத்துக்கு அழுத்தம் வெறும் 5 பாஸ்கல். தண்ணீர் மட்டத்தில் அரை மில்லிமீட்டர். நேரான யு-குழாயில் தெரியாது. 20-க்கு 1 சாய்வு வைத்தால் 10 மி.மீ. நகரும், படித்துவிடலாம். கையில் பணம் இருந்தால் குறைந்த அழுத்த வேறுபாட்டு சென்சார் வாங்குங்கள். குழாய் நுனியைப் பட்டை விளிம்பிலிருந்து 15 மி.மீ. தள்ளி, கண்ணாடியிலிருந்து அரை மில்லிமீட்டர் உயரத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி அளங்கள். உச்ச வேகம் மேற்பரப்புக்கு மிக அருகிலேயே இருக்கும்.

மின்செலவுக்கு, எர்த் பக்கம் 47 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராகப் போட்டு, அதன் வோல்ட்டை ஒரு அச்சிலும் உயர் அழுத்தத்தை மறு அச்சிலும் வரைந்தால் சாய்சதுரம் போன்ற வளையம் கிடைக்கும். கெப்பாசிட்டரின் வோல்ட்டை அதன் 47 நானோஃபாரட்டால் பெருக்கினால் கூலூம் வரும்; வளையத்தின் பரப்பு கூலூம்-வோல்ட்டில் ஒரு சுற்றுக்கான ஆற்றல். அலைவெண்ணால் பெருக்கினால் வாட். அந்தக் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே ஒரு வேரிஸ்டர் (அழுத்தம் மீறினால் கடத்தத் தொடங்கும் பாகம்) கட்டாயம். கெப்பாசிட்டர் கழன்றால் எர்த்தில் இருப்பதாக நாம் நம்பும் மேல் பட்டை உயர் அழுத்தத்துக்கு ஏறிவிடும்.

இறக்கையில் பொருத்துவது

150 மி.மீ. நாண் நீளமுள்ள (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை), நாகா 0015 என்ற பொதுவான குறுக்குவெட்டு வடிவ இறக்கையை 3டி பிரிண்டில் எடுங்கள். தெர்மகோல் வேண்டாம், தீப்பிடிக்கும். முன்விளிம்பைச் சுற்றிக் கீழ்ப் பட்டை, மேலே நாலைந்து அடுக்கு காப்டான், அதற்கு மேல் திறந்த பட்டை. திறந்த பட்டையின் பின்விளிம்பு சரியாக மூக்கு நுனியில் இருக்கட்டும். காற்று மேல்பரப்பின் மேலாகப் பின்னோக்கிப் போக வேண்டும். காப்டான் மெல்லியது, ஆகவே அழுத்தத்தை 6 முதல் 8 கிலோவோல்ட்டுக்குள் நிறுத்துங்கள்.

இறக்கையின் பின்பாதியில் 20 மி.மீ. நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டுங்கள். விண்ட் டனலில் 10 மீட்டர் வேகம் வைத்து, கோணத்தை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். ஒரு கோணத்தில் படுத்திருந்த நூல்கள் எழுந்து, துடித்து, முன்பக்கம் பார்க்கத் திரும்பும். அதுதான் ஸ்டால். அங்கிருந்து ஒன்றிரண்டு டிகிரி கூட்டி ஆக்சுவேட்டரைப் போடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் நூல்கள் மறுபடி படுக்கும். பத்து மீட்டர் காற்றை மூன்று மீட்டர் காற்று வழிக்குக் கொண்டுவருவதைக் கண்ணால் பார்ப்பது அபாரமான அனுபவம்.

அடுத்த கட்டம் விட்டுவிட்டு இயக்குவது. காற்றின் வேகத்தை நாண் நீளத்தால் வகுத்தால் 10-ஐ 0.15-ஆல் வகுத்து 67 ஹெர்ட்ஸ். நொடிக்கு 67 முறை, ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் பிளாஸ்மா எரியும்படி ஜெனரேட்டரில் பர்ஸ்ட் அமைப்பை வையுங்கள். மின்செலவு ஏறக்குறைய பத்தில் ஒன்றாகும். ஒவ்வொரு துடிப்பும் ஒரு சுழலை உண்டாக்கி வெளிக்காற்றை உள்ளே இழுப்பதால், தொடர்ந்து எரிப்பதைவிடப் பல நேரம் இதுவே நன்றாகப் பிடிக்கும். 30, 67, 130 என்று மாற்றி ஒப்பிட்டால் அறிக்கைக்கு நல்ல வரைபடம் கிடைக்கும்.

ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஆக்சுவேட்டர் வைக்க ஆசை வரும். வையுங்கள், ஆனால் முன்னதன் மூடிய பட்டைக்கும் பின்னதன் திறந்த பட்டைக்கும் நடுவே 30 மி.மீ.யாவது விடுங்கள். நெருங்கினால் பின்னது முன்னதை நோக்கி எரிந்து எதிர்க்காற்று வீசும்.

காப்டானைப் பிளாஸ்மாவும் ஓசோனும் அரிக்கும். ஒவ்வொரு சோதனைத் தொகுப்புக்கும் முன்னும் பின்னும் ஒரே அழுத்தத்தில் விசையை அளந்து குறியுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டாலோ, பட்டை விளிம்பை ஒட்டி வெள்ளையாகப் பூத்த கோடு தெரிந்தாலோ, அந்தத் தொகுப்பைக் கணக்கில் சேர்க்காமல் டேப்பை முழுக்க உரித்துப் புதிதாகச் சுற்றிவிட்டு மறுபடி அளங்கள்.